பந்தியில் கடைசி ஆள்

தொடர்நாடகத்தை அழித்த மறுநாள் காலை வெண்தேரியில் வல்லிக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. காபி வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலக் கழுத்தைத் திருப்பிக்கொண்டார். தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மரகதம் மட்டும் நேரே வந்து மறித்துக்கொண்டு நின்றாள்.

"நாடகத்துல அந்தப் பிள்ளை கோர்ட்டுப் படியேறியாச்சு. தீர்ப்பு சொல்லப்போற நேரம் பார்த்து அழிச்சிருக்கீய. சரி, அழிச்சீய. இடம் வந்துச்சா?"

"வரலை," என்றாள் வல்லி.

"பின்னே எதுக்கு அழிச்சீய?"

வல்லி காபியை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் அவளே முதலில் மரகதத்தைத் தேடிப் போய்ச் சொல்லியிருப்பாள்.

வெண்தேரி, நிலாவின் தென்முனையில் ஒரு பள்ளத்தின் ஓரமாக இருக்கும் ஊர். பள்ளத்துக்குள் உறைந்து கிடக்கும் பனியை வெட்டி எடுக்க முதலில் வந்தவர்கள் திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்துக்காரர்கள். வாசலுக்கு எதிரே குவிந்து கிடந்த மணலைப் பார்த்ததும் ஒருவர் "அட, நம்ம ஊர்த் தேரி" என்றாராம். நிறம்தான் சிவப்பில்லை. அதனால் முன்னால் ஒரு 'வெண்' சேர்ந்துகொண்டது. அந்த ஊரின் தரவுத்தளத்தை, ஊர்க்காரர்கள் கிடங்கு என்று சொல்வதை, பார்த்துக்கொள்பவள் சௌந்தரவல்லி. கதவுகளுக்குத் தெரிந்த குரல்கள், தண்ணீர் அளவு, பாட்டு, படம், மரகதத்தின் நாடகம் எல்லாம் அதற்குள்தான். எல்லாவற்றையும்விட அதிக இடத்தைப் பிடித்திருப்பவை உடல்நிழல்கள்.

வெண்தேரியில் ஒவ்வொருவருக்கும் ஓர் உடல்நிழல் உண்டு. நுரையீரல், ரத்தம், எலும்பு எல்லாவற்றையும் கணத்துக்குக் கணம் பார்த்துப் பதிந்துகொண்டே இருக்கும் கணக்கு அது. அதைப் பார்த்துத்தான் காற்று கலக்கப்படுகிறது, மருந்து தரப்படுகிறது. நிழல் இல்லாதவர் அங்கே தங்க முடியாது. பெரியவர்களின் நிழலுக்கு அதிக இடம் வேண்டாம். அவர்கள் நேற்றுப் போலவேதான் இன்றும் இருக்கிறார்கள். கைக்குழந்தை அப்படியா? நாளொரு மேனி. ஒரு குழந்தைக்குப் பத்துப் பெரியவர்களின் இடம் தேவைப்படும்.

வெண்தேரியின் முதல் குழந்தை செண்பகாவின் வயிற்றில் இருந்தது. கிடங்கிலோ கையளவு இடம்கூட இல்லை.

இடம் வந்திருக்க வேண்டியது. குழந்தை என்று தெரிந்ததுமே வல்லி பூமிக்கு எழுதி, புதிய வட்டுகள் நாற்பது வேண்டும் என்று கேட்டிருந்தாள். கப்பல் வந்தது. பெட்டியைத் திறந்தால் பளபளவென்று நாற்பது வட்டில்கள். சோறு போட்டுச் சாப்பிடும் எவர்சில்வர் வட்டில்கள். அனுப்பிய புண்ணியவான் தட்டை வட்டில் என்று சொல்லும் நம் பக்கத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். வேறு யாருக்கும் அந்தச் சந்தேகமே வந்திருக்காது.

அந்தக் கப்பல் மறுநாள் மதியம் பூமிக்குத் திரும்புகிறது. அடுத்த கப்பல் வர ஆறு மாதம் ஆகும்.

வல்லி அறைக்குள் நுழைந்தபோது மூன்று பேர் காத்திருந்தார்கள். ஊர்ப் பொறுப்பாளரான சென்னைக்காரர் தணிகாசலம், வல்லியின் சிநேகிதி டாக்டர் பெனினா, அப்புறம் செண்பகா. அவள் வட்டில் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"முடிவு சொல்லணும் வல்லி," என்றார் தணிகாசலம். "நாளைக்கு மதியத்துக்குள்ள இடம் கிடைக்கலன்னா இந்தப் பொண்ணு கப்பல் ஏறணும். எனக்கு வேற வழியில்ல."

"ஏழாம் மாசம்," என்றாள் பெனினா. "ஏத்தலாம். ஆனா எனக்குப் பிடிக்கலை."

"எனக்குந்தான் பிடிக்கலை," என்றாள் செண்பகா. "அவுகளுக்கு இன்னும் ரெண்டு வருசம் இங்க வேலை. பிள்ளை பிறந்து, நடந்து, பேச ஆரம்பிச்சப்புறமா அப்பனைப் பார்க்கணும்? பள்ளத்துல பனி வெட்டுற மனுசன் நேத்துலேருந்து சாப்பிடலை."

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது எதையாவது துடைக்க வேண்டும் அவருக்கு. "படத்தை அழிச்சோம். பாட்டை அழிச்சோம். அந்த நாடகத்தை அழிச்சு நான் கேண்டீன் பக்கமே போக முடியல. அழிச்சா இடம் வரணும்தானே?"

"வராது சார். அழிக்கிறதுன்னா, 'இது இனிமே வேண்டாம்'னு மேல ஒரு கோடு போடுறதுதான். பொருள் அங்கயேதான் கிடக்கும். யாரும் அதைப் பார்த்துக்கிட்டு இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் கிளி அந்த இடத்தைப் பெருக்கி எடுக்கும்."

கிளி என்பது கிடங்கைக் காவல் காக்கும் குரல். சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வதால் அந்தப் பெயர்.

"அழிச்சதை யாரு பார்க்கப் போறா?"

வல்லி யோசித்தாள். "கல்யாணப் பந்தி மாதிரி சார். எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்சாச்சு. ஒரே ஒருத்தர் மோருக்காக உட்கார்ந்திருக்கார். அவர் கை கழுவாம மத்த இலையை எடுப்பீங்களா? மாட்டீங்க. அடுத்த பந்தி வாசல்ல நிக்கும். கிடங்கும் அப்படித்தான். ஒருத்தர் உள்ள வந்து பார்வையைத் திறந்தா, அந்த நேரத்துல ஊர் எப்படி இருந்துச்சோ அப்படியே அவருக்குக் காட்டணும். அவர் பார்வையை மூடுற வரைக்கும், நடுவுல அழிச்ச எதையும் எடுக்க முடியாது. அவர் திரும்பிப் பார்த்தா இருக்கணுமில்ல?"

"அப்போ யாரு மக்கா அந்த மோருக்காரரு?" என்றாள் பெனினா.

"அப்படி யாரும் இல்ல. தினமும் காலைல பார்க்கேனே. நேத்துத் திறந்ததுதான் இருக்கறதுலயே பழசு. கிளி, நீயே சொல்லு. ரொம்பப் பழைய பார்வை எது?"

கிளியின் தமிழ் எப்போதும் சலவை செய்து மடித்த தமிழ். "விடுப்பில் இருப்பவர்களையும் சேர்த்துச் சொல்லவா? அவர்களைக் காட்ட வேண்டாம் என்று நீங்கள் முன்பு சொல்லியிருந்தீர்கள்."

"நானா? எப்போ?"

"திரு. கோமதிநாயகம் பூமிக்குப் புறப்பட்ட மறுநாள்."

கோமதிநாயகம் வல்லியின் கணவர். இரண்டு மாத விடுப்பில் போனவர். போய் நான்கு வருடம் ஆகிறது.

"மிகப் பழைய பார்வை அவருடையதுதான்," என்று கிளி தொடர்ந்தது. "'போயிட்டு வாரேன்' என்று சொல்லிச் சென்றார். ஆகவே வருவார். அவர் விட்டுச் சென்றபடியே எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்."

முதலில் சிரித்தவள் பெனினாதான். "அட ஆண்டவரே, நம்ம அண்ணாச்சிதானா மோருக்கு உட்கார்ந்திருக்கது!"

வல்லியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த மறுநாளை நினைத்துப் பார்த்தாள். காலையில் பட்டியலைத் திறந்தபோது அவர் பெயர் முதல் வரியில் இருந்தது. "இவங்களையெல்லாம் காட்டாதே" என்று கிளியிடம் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. காற்றுக்கு ஆடும் ஜன்னலைச் சாத்துவதுபோல யோசிக்காமல் சாத்தியிருந்தாள். அதற்காக நான்கு வருடமும் அழுதுகொண்டிருந்தாளா என்றால், இல்லவே இல்லை. வேலை பிடித்திருந்தது. பெனினா இருந்தாள். பூமியில் கிடைக்காத இந்த அமைதி பிடித்திருந்தது. அலமாரியில் பாதியை மட்டும் அவள் தொடவில்லை. "அண்ணாச்சி எப்போ வாராரு?" என்று யாராவது கேட்டால் "வருவாரு" என்பாள். "சாப்பிட்டாச்சா" என்று கேட்டால் "ஆச்சு" என்று சொல்வதில்லையா, அதுபோல.

"நீயே மூடிடேன். உன் கையிலதானே சாவி," என்றார் தணிகாசலம்.

"முடியாது சார். பனி வெட்டப் போன ஒருத்தர் பார்வையைத் தெரியாம மூடி, அவரை அவர் வீட்டுக் கதவே யாருன்னு கேட்டதே, ஞாபகமிருக்கா? அப்போ ஊர் கூடிப் போட்ட விதி. ஆள் வந்து 'வந்துட்டேன்'னு சொல்லணும். இல்ல, அவர் வாயாலயே 'போறேன்'னு சொல்லணும். ரெண்டுல ஒண்ணு."

"சரி, போனைப் போடு. ஒரு வார்த்தைதானே."

மணி அடித்தது. கோமதிநாயகம் எடுத்தபோது முதலில் கேட்டது மழை. கடையம் பக்கத்தில் நாற்றங்கால் வைத்திருக்கிறார். தகரக் கூரை போலிருக்கிறது, கொட்டிக்கொண்டிருந்தது. நிலாவுக்கும் பூமிக்கும் நடுவே ஒரு சொல் போய்ப் பதில் வர மூன்று விநாடி பிடிக்கும். அந்த மூன்று விநாடியும் இன்று மழையால் நிறைந்திருந்தது.

வல்லி விஷயத்தைச் சொன்னாள்.

மழை. பிறகு அவர் சிரிப்பு. "அப்போ நாலு வருசமா அந்தக் கிளி எனக்கு இலையைப் போட்டு வெச்சுக்கிட்டா இருக்கு?"

"தண்ணி தெளிச்சு."

"பாவம்ல. சரி, என்ன செய்யணும்?"

"'போறேன்'னு சொல்லணும். அவ்வளவுதான்."

"ஒரு திருத்தம்," என்று குறுக்கிட்டது கிளி. "'போறேன்' என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் உடனே மாற்றிச் சொல்கிறார்கள். ஆகவே பத்து மூச்சு நேரம் காத்திருப்பேன். அதற்குள் மாற்றாவிட்டால் மூடுவேன்."

"கெட்டிக்காரக் கிளிதான்," என்றார் கோமதிநாயகம். தொண்டையைச் செருமிக்கொண்டார். "போறேன்."

"ஐயையோ அண்ணாச்சி!" என்று பெட்டியிலிருந்து எழுந்துவிட்டாள் செண்பகா. "பிள்ளைத்தாச்சி முன்னால போறேன்னு சொல்லலாமா? போயிட்டு வாரேன்னு சொல்லுங்க!"

வல்லி இரண்டு கைகளையும் ஆட்டினாள். பெனினா செண்பகாவின் வாயைப் பொத்தினாள். ஆனால் அந்தக் குரல் புறப்பட்டுப் போய்விட்டது. மூன்று விநாடியில் பதிலும் வந்தது.

"மன்னிச்சிரு தாயி. போயிட்டு வாரேன்."

"நல்லது. காத்திருக்கிறேன்," என்றது கிளி.

தணிகாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார். பெனினா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வாய் தன்னால சொல்லிருச்சுக்கா," என்றாள் செண்பகா. கண் கலங்கியிருந்தது. சிரிப்பும் வந்துகொண்டிருந்தது.

"உன் பிள்ளை இலையை நீயே தட்டி விட்டுட்டியேட்டி," என்றாள் பெனினா. "வா, வெளிய நிப்போம். சார், நீங்களும்தான். உங்களையும் நம்ப முடியாது."

கதவு மூடியது. அறையில் வல்லியும் மழையும் மட்டும்.

"எல்லாரும் போயாச்சா?" என்றார் கோமதிநாயகம்.

"ம்."

"அந்தப் பிள்ளையைத் திட்டாத. அன்னிக்கு நீயும் அதைத்தானே செஞ்ச."

"நானா? எதை?"

"கப்பல் வாசல்ல. நான் 'போறேன்'னுதான் சொன்னேன் வல்லி. 'இதென்ன பேச்சு, போயிட்டு வாரேன்னு சொல்லுங்க'ன்ன. சொன்னேன்."

வல்லிக்கு அந்த வாசல் தெரிந்தது. அவர் தோளில் பை. சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை நிமிர்த்திவிட்டாள். அதே கையோடு அந்தச் சொல்லையும் நிமிர்த்திவிட்டிருக்கிறாள்.

"வாய் தவறிச் சொன்னீயன்னு நெனச்சேன்."

மழை இந்தத் தடவை மூன்று விநாடிக்கு மேல் நீண்டது.

"வாய் தவறலை. எப்படிச் சொல்லன்னு நாள்கணக்கா யோசிச்சேன். பேசவே வரலை. அந்த ஒரு வார்த்தையாவது சொல்லிட்டுப் போவோம்னு நெனச்சேன். நீ திருத்தினதும் மறுபடி சொல்லத் தைரியம் வரலை."

கோபம் வரும் என்று வல்லி எதிர்பார்த்தாள். வந்தால் உட்காரச் சொல்லி இடம்கூட ஒதுக்கிவைத்தாள். வரவில்லை. துக்கத்தைத் தேடிப் பார்த்தாள். பைக்குள் சாவியைத் தேடுகிற மாதிரி மூலை மூலையாகத் துழாவினாள். கையில் அகப்பட்டது வேறொன்று. இங்கே இருந்த நாட்களில் கோமதிநாயகம் அடிக்கடி வட்டக் கண்ணாடி ஜன்னலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். "ஒரு இலைகூட அசைய மாட்டேங்குதே" என்பார். இங்கே இலையே இல்லை என்று அவள் சொல்வாள். அது ஒரு வேடிக்கையாகவே போய்விட்டது. அவர் மழை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார், வேறு வார்த்தைகளில். அவள் இந்த அமைதி வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அவளும் வேறு வார்த்தைகளில்தான். ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்டுமிருந்தது.

"அப்போ போன் பண்ணும்போதெல்லாம் 'வாரேன், வாரேன்'னீயளே?"

"'எப்போ வாரீய'ன்னு நீ கேட்டே. வேற என்ன சொல்ல?"

"கேக்காட்டி நீங்க வருத்தப்படுவீயளோன்னுதான் கேட்டேன்."

சொல்லி முடித்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிப்பு ஓயும் முன்னே, அவர் சிரிப்பு இங்கே வந்து சேர்ந்தது. இருவர் சிரிப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழ நெடுநேரம் சிரித்தார்கள். மழையும் நடுவில் புகுந்து சிரித்தது.

"உங்க சட்டையெல்லாம் அலமாரியில அப்படியே இருக்கு," என்றாள்.

"பிள்ளைக்குத் துணி தைக்கச் சொல்லு. நல்ல பருத்தி." கொஞ்சம் பொறுத்து, "சொல்லட்டா?" என்றார்.

"சொல்லுங்க."

"நீ வாயைத் திறக்கக் கூடாது."

"மாட்டேன்."

"போறேன் வல்லி."

ஒரு மூச்சு விட்டாள். ஒன்றுமில்லை. இரண்டாவது மூச்சில் நாக்கு நுனி எழுந்தது. மூன்றாவதில் அம்மா, சித்திகள், அத்தைகள் எல்லாரும் தொண்டைக்குள் வந்து கூடிவிட்டார்கள். வாசலில் நின்று யார் யாரையோ வழியனுப்பியவர்கள். ஒருத்திகூட அந்தச் சொல்லைத் திருத்தாமல் விட்டதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது பயம்தான் என்று இப்போது தோன்றியது. சொல் வெளியே வந்துவிட்டால் அது நடந்துவிடும் என்ற பயம். ஆனால் நடக்கவேண்டியது நடந்து நான்கு வருடமாகிவிட்டது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அங்கே நாற்றுகள் வளர்கின்றன. இங்கே ஒரு குழந்தை வரப்போகிறது. ஆறாவது மூச்சோ ஏழாவதோ, கூரைமேல் மழை இன்னும் வலுத்தது. அந்தப் பக்கம் அவரும் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அவர்கள் சேர்ந்து செய்த காரியங்களில் இது நன்றாக அமைந்த ஒன்று.

"திரு. கோமதிநாயகம் போய்விட்டார்," என்றது கிளி. "பார்வையை மூடுகிறேன். பெருக்கத் தொடங்கலாமா?"

"பெருக்கு."

கிடங்கு நிறைந்திருப்பதைக் காட்டித் திரையில் சிவப்பாக நின்ற கோடு அசைந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. பழைய பாட்டுகள் போயின. காய்ந்துபோன தக்காளிப் பாத்திகளின் படங்கள் போயின. அவர் விட்டுச் சென்ற அந்தக் காலை நேரத்து வெண்தேரி, காலர் மடங்கிய நேரம், முழுசாகப் போயிற்று. கோடு பாதிக்கும் கீழே வந்து நின்றது. ஒரு குழந்தைக்கு மட்டுமா? ஊரில் கல்யாணம் ஆன ஜோடிகள் எல்லாம் துணிந்து பெற்றுக்கொள்ளலாம்.

"ஆச்சா?" என்றார் கோமதிநாயகம்.

"ஆச்சு. ஒண்ணு கேக்கணும். அந்தக் கோர்ட்டு நாடகம் பார்க்கீயளா? தீர்ப்பு என்னாச்சு? இங்க மரகதம் என்னை உயிரோட விடமாட்டா."

"தீர்ப்பைப் படிக்கப் போற நேரத்துல நீதிபதி மயங்கி விழுந்துட்டாரு. அதோட நிக்குது."

"நல்லவேளை."

"சரி, வெச்சிருதேன்."

"வையுங்க," என்றாள் வல்லி. இந்தச் சொல்லைத் திருத்த எந்த அத்தையும் எழவில்லை.

கதவைத் திறந்தாள். மூன்று பேரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். செண்பகா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தாள். "எடுத்துரு கையை," என்றாள் வல்லி. "பந்தி காலி."

மறுநாள் மதியம் கப்பல் செண்பகா இல்லாமல் போயிற்று. சுடலைமுத்து, செண்பகாவின் கணவன், அன்று கேண்டீனில் புது வட்டில் நிறைய மூன்று தடவை சோறு வாங்கினான்.

பெனினா சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே குழந்தை முந்திக்கொண்டது. வெண்தேரியில் பாதி ஊர் மருத்துவ அறைக்கு வெளியே நின்றது. உள்ளே வல்லி ஒரு மூலையில், கோமதிநாயகத்தின் நீலக்கோட்டுச் சட்டையிலிருந்து தைத்த துணியை விரித்துப் பிடித்திருந்தாள். பெண் குழந்தை. வந்ததும் வராததுமாக வீறிட்டு அழுதது.

"ஒரு சந்தேகம்," என்றது கிளி. கதவுகளிலும் சுவர்களிலும் அதன் குரல் கேட்டது. "புதியவருக்கு நிழல் திறக்க வேண்டும். உள்ளே வருபவர் 'வந்துட்டேன்' என்று சொல்ல வேண்டும் என்பது விதி. இவர் அழுகிறார். இதை 'வந்துட்டேன்' என்று எடுத்துக்கொள்ளலாமா?"

எல்லாரும் வல்லியைப் பார்த்தார்கள். வட்டில் பெட்டிமேல் செண்பகா உட்கார்ந்திருந்த அந்தக் காலையிலிருந்து அவளுக்கு எந்தச் சொல்லையும் லேசில் விட மனம் வருவதில்லை. அதனால் குழந்தையின் அழுகையை ஒரு நிமிடம் உற்றுக் கேட்டாள். ஐயமே இல்லை.

"அதேதான் சொல்லுதா. எடுத்துக்கோ," என்றாள்.

சிரிப்பும் அழுகையும் ஓய்ந்து, கூட்டம் கலைந்து, குழந்தை நீலக்கோட்டுத் துணிக்குள் தூங்கியது. வல்லி எழுந்தாள்.

"போறீங்களாக்கா?" என்று பாதித் தூக்கத்தில் கேட்டாள் செண்பகா.

வழக்கமான சொல் நாக்குக்கு வந்துவிட்டது. வல்லி அதை ஒரு கணம் நிறுத்தி, உண்மைதானா என்று பார்த்தாள். காபி குடித்துவிட்டு, அலமாரியில் மிச்சமிருந்த சட்டைகளையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் இங்கேதான் வரப்போகிறாள். உண்மைதான்.

"போயிட்டு வாரேன்," என்றாள்.

"நல்லது. காத்திருக்கிறேன்," என்றது கிளி.